வகுப்புத் தலைவருக்கு என்ன வேலை கொடுக்கிறோம்? பதின்பருவத் தலைமைப் பயிற்சியில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஆசிரியர் வெளியே கிளம்பும்போது சாக்பீஸை வகுப்புத் தலைவர் கையில் கொடுத்து, "பேசுறவங்க பேரை எழுதி வை" என்று சொல்லிவிட்டுப் போவார். பத்து நிமிடத்தில் பலகையில் ஏழெட்டுப் பெயர்கள் ஏறிவிடும். மறுபடியும் பேசியவருக்குப் பக்கத்தில் ஒரு பெருக்கல் குறி. தலைவரின் நெருங்கிய நண்பர் பெயர் மட்டும் இருக்காது. அந்தப் பிள்ளை இதில் பழகுவது போட்டுக்கொடுப்பதும் வேண்டியவரைக் காப்பாற்றுவதும்தான். இதைவிட, "மணி அடிப்பதற்குள் இந்த ஐந்து கணக்கையும் எல்லாரும் முடித்திருக்கணும். முடியாதவங்களுக்கு யார் சொல்லித் தரணும்னு நீயே பிரிச்சு விடு" என்று சொல்லலாம். முதல் வேலை காவல். இரண்டாவதில் ஆளைப் பார்த்து வேலை பிரிக்க வேண்டும், முடியாவிட்டால் பதில் சொல்லவும் வேண்டும்.

அடுத்த தவறு, ஆளைத் தேர்ந்தெடுப்பதில். முதல் ரேங்க் வாங்குபவர், இல்லையென்றால் குரல் பெரிதாக உள்ளவர். அவரே ஜூன் முதல் ஏப்ரல் வரை. தலைமை ஏற்கெனவே கைவந்தவருக்கே வாய்ப்பு கொடுத்தால், 40 பேர் வகுப்பில் மற்ற 39 பேருக்கு அது எப்போது வரும்? சாரணர் இயக்கத்தில் இதற்குப் பழைய வழி ஒன்று இருக்கிறது. 1907இல் இங்கிலாந்தின் பிரவுன்சீ தீவில் அதன் நிறுவனர் பேடன் பவல் நடத்திய முதல் முகாமிலேயே சிறுவர்களை நான்கு அணிகளாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு சிறுவனையே தலைவனாக்கினார். இன்றைக்கும் சாரணர் அணி ஆறு முதல் எட்டுப் பேர்தான். 40 பேர் வகுப்பில் ஆறு அணிகள் வைத்து, காலாண்டு, அரையாண்டு, முழு ஆண்டுத் தேர்வுகளை ஒட்டி ஆளை மாற்றினால் ஓர் ஆண்டில் 18 பேருக்கு வாய்ப்பு கிடைக்கும். ஏழு பேரை வழிநடத்துவது பதினான்கு வயதுக்குத் தாங்கும் சுமை. நாற்பது பேர் என்றால் கத்தத்தான் தோன்றும்.

மிகப் பரவலான தவறு, பொறுப்பைக் கொடுத்துவிட்டு முடிவை நம் கையிலேயே வைத்துக்கொள்வது. நாட்டு நலப்பணித் திட்டத்தின் ஏழு நாள் முகாமை எடுத்துக்கொள்வோம். உணவுக் குழுத் தலைவர் என்று ஒரு பிளஸ் ஒன் மாணவரை அறிவிப்பார்கள். ஆனால் மளிகைப் பட்டியல் எழுதுவது ஆசிரியர், கடைக்குப் போவது ஆசிரியர், பணம் எண்ணுவதும் ஆசிரியர். 'தலைவர்' கரண்டியைப் பிடித்துப் பரிமாறுவார், அவ்வளவுதான். உண்மையில் கொடுப்பதென்றால் நான்கைக் கொடுக்க வேண்டும்: தலைக்கணக்கு, சமையல் பட்டியலை முடிவு செய்யும் உரிமை, ஒரு நாளைக்கு இவ்வளவுதான் என்ற பண வரம்பு, கணக்கு நோட்டு. மண் வெட்டிவிட்டு வரும் பிள்ளைகளுக்கு மதியச் சோற்றுக்குத் தலைக்கு 150 கிராம் அரிசி என்று வைத்தால், 50 பேருக்கு ஏழரைக் கிலோ. இந்தப் பெருக்கலை அந்த மாணவரே போட வேண்டும்.

தப்பாகப் போட்டால்? ஐந்து கிலோ மட்டும் உலையில் போட்டு, முப்பது பேர் சாப்பிட்டதும் சோறு தீர்ந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். இங்கேதான் பெரியவர்கள் பதறிப்போய் வண்டியை எடுத்துக்கொண்டு பன் வாங்க ஓடுவார்கள். ஓட வேண்டாம். "இப்ப என்ன பண்ணலாம்?" என்று கேட்டுவிட்டு நில்லுங்கள். இன்னும் மூன்று கிலோ வடிக்க முக்கால் மணி நேரம் ஆகும். காத்திருப்பவர்களிடம் போய்ச் சொல்வதும் அந்தத் தலைவரின் வேலைதான். கஷ்டமான வேலை, ஆனால் அடுத்த நாள் அளவு சரியாக வருவது அதனால்தான். அடுப்பு, சிலிண்டர், கொதிக்கும் பாத்திரத்தை இறக்குவது, கிணற்றடி, சாலையைக் கடப்பது ஆகியவை மட்டும் பெரியவர் பொறுப்பில் இருக்கட்டும். உயிருக்கு ஆபத்தில்லாத தவறுகளை நடக்க விடலாம்.

கூட்டம் நடத்தச் சொல்லிக்கொடுக்காமலேயே "கூடிப் பேசி முடிவெடுங்க" என்பதும் ஒரு தவறு. அரை மணி நேரம் கலகலப்பாகப் பேசிவிட்டு, "பார்த்துக்கலாம்" என்று கலைவார்கள். "யாராவது பார்த்துக்கோங்க" என்றால் யாரும் பார்க்க மாட்டார்கள். ஒரு தாளில் மூன்று கோடு இழுத்து நான்கு கட்டம் போடக் கற்றுக்கொடுங்கள்: என்ன வேலை, யார், எப்போதைக்குள், முடிந்ததா. ஒரு வேலைக்கு ஒரே பெயர்தான். "மைக் செட் – எல்லாரும்" என்று எழுதியிருந்தால் விழா அன்று மைக் வராது. கூட்டம் இருபது நிமிடம் போதும். தலைவர் கடைசியில் பேச வேண்டும். முதலிலேயே அவர் தன் யோசனையைச் சொல்லிவிட்டால் மற்றவர்கள் தலையாட்டிவிட்டுப் போய்விடுவார்கள்.

ஆண்டு விழா வந்தால் பெண் பிள்ளைகளுக்குக் கோலமும் சந்தனத் தட்டும், ஆண் பிள்ளைகளுக்கு மேடையும் ஒலிபெருக்கியும் என்று பிரிக்கும் பழக்கம் இன்னும் போகவில்லை. வரவேற்பில் நிற்பவருக்கு முடிவெடுக்க எதுவும் இல்லை. பந்தல்காரரிடம் விலை பேசுவதை ஒரு மாணவியிடமும், சந்தனத் தட்டை ஒரு மாணவனிடமும் கொடுத்துப் பாருங்கள்.

குறை சொல்லும் இடமும் நேரமும் முக்கியம். ஜூனியர்கள் முன்னால் ஒருமுறை திட்டு வாங்கிய தலைவர் சொல்வதை மறுநாள் யாரும் கேட்பதில்லை. அன்று மாலையே, தனியாக, பதினைந்து நிமிடம் உட்காருங்கள். எது சரியாக நடந்தது, எது சொதப்பியது, அடுத்த முறை எதை மாற்றுவாய் என்று கேட்டால் போதும். அவர் பேசி முடிக்கும்வரை நம் கருத்து வேண்டாம். இரண்டு நாள் பயிலரங்கில் சான்றிதழ் வாங்கி வந்தவர் தலைவராகிவிட்டார் என்று நம்புவதைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. அது சுவரில் மாட்ட உதவும்.

வீட்டில் இதற்கு முகாமெல்லாம் தேவையில்லை. குலதெய்வக் கோயிலுக்கு வேன் பிடிக்கும் வேலையை வீட்டில் உள்ள பதினைந்து வயதுப் பிள்ளையிடம் விடுங்கள். எத்தனை பேர் வருகிறார்கள், எத்தனை மணிக்குக் கிளம்புவது, கிலோமீட்டருக்கு எவ்வளவு, காத்திருப்புக் கட்டணம் உண்டா, டோல் யார் கட்டுவது என்று சித்தப்பாவிடமும் அத்தையிடமும் வேன்காரரிடமும் அவரே பேசட்டும். பக்கத்தில் நின்று, "இதைக் கேளு, அதைக் கேளு" என்று காதில் ஓத வேண்டாம். டிரைவர் பேட்டாவைக் கேட்க மறந்திருந்தால், இறங்கும்போது ஐந்நூறு ரூபாய் கூடுதலாகப் போகும். சொந்தக்காரர்கள் முன்னால் அதைச் சொல்லிக்காட்டாமல் கொடுத்துவிட்டு வாருங்கள். அடுத்த முறை போனை எடுத்ததும் அவர் கேட்கும் முதல் கேள்வி பேட்டாவாகத்தான் இருக்கும்.