வேர்ட் ரிப்பனில் மங்கிய ஐகனைத் தெளிவாக்கிய விதம்

எங்கள் வெள்ளவத்தைக் கடையில், பாமினி என்ற பழைய தமிழ் எழுத்துருவில் அடித்ததை யுனிகோடாக மாற்றும் மேக்ரோவுக்கு (ஒரு பட்டனை அழுத்தினால் ஓடும் சிறு நிரல்) வேர்டின் மேலே உள்ள பட்டன் பட்டையான ரிப்பனில் ‘ழ’ எழுத்தை ஐகனாக வைத்திருந்தோம். டெஸ்க்டொப்பில் ஒழுங்காக இருந்தது, லப்டொப்பில் மையைக் கொட்டினமாதிரி.

காரணம் விண்டோஸின் டிஸ்ப்ளே ஸ்கேல், அதாவது திரையில் எல்லாவற்றையும் எத்தனை மடங்கு பெரிதாகக் காட்டுவது என்ற அமைப்பு. 100% இல் சின்ன பட்டனுக்கு 16 பிக்சல், பெரியதுக்கு 32. 125% என்றால் 20, 40. 150% என்றால் 24, 48. 16ஐ 20 ஆக இழுக்கும்போது ஒரு பிக்சல் கோடு ஒன்றேகால் பிக்சலாகிறது. அந்தக் கால் பங்குதான் சாம்பல் நிறமாகக் கசிகிறது. 200% இல் எல்லாம் சரியாக இரட்டிப்பதால் கசிவு குறைவு, ஓரங்கள்தான் படிக்கட்டு மாதிரித் தெரியும்.

முதலில் செட்டிங்ஸ், சிஸ்டம், டிஸ்ப்ளே போய் ஸ்கேலைப் பாருங்கள். கடையில் ஆகக் கூடிய ஸ்கேல் எதுவோ அந்த அளவுக்கே ஐகனை வரையுங்கள். பெரிதாக்குவதைவிடச் சுருக்குவது கெடுதி குறைவு. எங்களுக்கு அது 125%, பெரிய பட்டனுக்கு 40 பிக்சல். பின்னணி ஒளிபுகும் பிஎன்ஜி, கோடு 3 பிக்சல் தடிப்பு. ஜேபெக் வேண்டாம், வெள்ளைப் பெட்டி ஒட்டிக்கொண்டு வரும்.

வேர்டை முழுதாக மூடிவிட்டு, மேக்ரோ இருக்கும் டெம்ப்ளேட் கோப்பை ரிப்பன்எக்ஸ் எடிட்டரில் (ரிப்பன் பட்டன்களைத் திருத்தும் மென்பொருள்) திறந்து பழைய படத்தை நீக்கிப் புதியதைச் சேர்க்கவேண்டும். அங்கே பட்டனுக்கான கோட் வரியில் எழுதும் படத்தின் ஐடி, சேர்த்த படத்தின் ஐடியோடு எழுத்துக்கு எழுத்து ஒத்திருக்கவேண்டும், இல்லாவிட்டால் பட்டன் படமில்லாமல்தான் வரும். அதே வரியில் பட்டனின் அளவை ‘லார்ஜ்’ என்று குறிப்பிடுங்கள்.

சின்ன பட்டன்தான் வேண்டுமென்றால் ‘ழ’வை விடுங்கள். 16 பிக்சலுக்குள் அந்தச் சுழி அடைபட்டுவிடும்; ‘ப’ போதும், நேர்கோடுகள்தானே.