அண்ட், ஆர்: சறுக்கும் இடங்கள்

ராணிப்பேட்டையில் தோல் கிடங்கு வைத்திருக்கும் ஒருவருக்குப் பைத்தானில் சின்ன புரோகிராம் எழுதுகிறோம் என்று வைத்துக்கொள்வோம். சரக்கைச் சோதிக்க மூன்று ஃபங்ஷன் (பெயர் சொல்லிக் கூப்பிட்டால் விடை தரும் சின்ன நிரல்): வெள்ளாடா, செம்மறியா, வெட்புளூவா. குரோமில் பதப்படுத்தி, ஈரம் காயாமல் நீலமாக இருக்கும் தோல்தான் வெட்புளூ. மூன்றும் ட்ரூ அல்லது ஃபால்ஸ் தரும். பைத்தான் 3-இல் இப்படித் தமிழிலேயே பெயர் வைக்கலாம்; அண்ட் (and), ஆர் (or), நாட் (not) போன்றவற்றை மட்டும் ஆங்கிலத்தில்தான் அடிக்க வேண்டும்.

இப்போது வெள்ளாட்டு வெட்புளூ மட்டும் வேண்டும். பட்டியலில் சோதனைக்குத் தேறியதை மட்டும் எடுத்துத் தருவது ஃபில்டர். அதை வைத்துப் பலர் எழுதுவது இது:

ஃபில்டர்(வெள்ளாடா அண்ட் வெட்புளூவா, சரக்குகள்)

எரர் வராது, விடையும் வரும். ஆனால் அதில் செம்மறி வெட்புளூவும் இருக்கும். அண்ட் இரண்டு சோதனைகளையும் ஒட்டிப் புதிதாக ஒரு சோதனையைச் செய்து தராது. இடப்பக்கம் இருப்பது உண்மைக் கணக்கில் வருமா என்று பார்க்கும். வந்தால் வலப்பக்கத்தை அப்படியே எடுத்துக் கொடுத்துவிடும். அடைப்புக்குறி போட்டுக் கூப்பிடாத ஃபங்ஷன் பைத்தானுக்கு எப்போதும் உண்மைக் கணக்குத்தான். ஆக, ஃபில்டர் கைக்குப் போனது வெட்புளூவா மட்டும். ஆர் போட்டிருந்தால் வெள்ளாடா மட்டும் போயிருக்கும். எழுத வேண்டியது இது (லாம்டா என்பது பெயரில்லாத சின்ன ஃபங்ஷன், ச என்பது ஒரு சரக்கு):

ஃபில்டர்(லாம்டா ச: வெள்ளாடா(ச) அண்ட் வெட்புளூவா(ச), சரக்குகள்)

சோதித்துப் பார்க்கும் பட்டியலில் வெள்ளாடு மட்டுமே இருந்தால் இந்தத் தவறு கண்ணில் படவே படாது. செம்மறி வெட்புளூ ஒன்றையும், ஃபினிஷ் ஆன வெள்ளாட்டுத் தோல் ஒன்றையும் வேண்டுமென்றே சேர்த்து வையுங்கள்.

அடுத்தது முன்னுரிமை. "வெள்ளாடோ செம்மறியோ, வெட்புளூவா இருக்கணும்" என்று முதலாளி சொல்கிறார். அதை அப்படியே

வெள்ளாடா(ச) ஆர் செம்மறியா(ச) அண்ட் வெட்புளூவா(ச)

என்று எழுதினால், ஃபினிஷ் ஆன வெள்ளாட்டுத் தோலும் உள்ளே வந்துவிடும். முதலில் நாட், அப்புறம் அண்ட், கடைசியில்தான் ஆர். ஆர் பகுதியை அடைப்புக்குறிக்குள் போடுங்கள். வரிசை மனப்பாடமாகத் தெரிந்தவர்களும் போடலாம், நாளைக்குப் படிக்கப்போகிறவருக்குப் புண்ணியம்.

இனம் == "வெள்ளாடு" ஆர் "செம்மறி" என்பதும் அடிக்கடி பார்ப்பதுதான். "செம்மறி" காலியில்லாத சரம் (எழுத்துத் தொடர்), அதுவும் பைத்தானுக்கு உண்மைக் கணக்கு என்பதால் மாட்டுத்தோல்கூடத் தேறிவிடும். இனம் இன் ("வெள்ளாடு", "செம்மறி") என்று எழுதினால் தீர்ந்தது.

நாட் என்பதை அடைப்புக்குறிக்குள் கொண்டுபோகும்போது உள்ளே இருக்கும் ஆர், அண்ட் ஆக மாற வேண்டும். "இரண்டும் இல்லை" என்பது நாட் வெள்ளாடா(ச) அண்ட் நாட் செம்மறியா(ச). இந்த விதிக்குப் பெயர் கொடுத்த அகஸ்டஸ் டி மார்கன் பிறந்தது நம் மதுரையில், 1806 ஜூன் 27.

கடைசியாக, இடப்பக்கம் பொய்யானால் அண்ட் வலப்பக்கத்தைத் தொடவே தொடாது. எனவே சரக்கு காலியாக வர வாய்ப்பிருந்தால் ச இஸ் நாட் நன் (நன், அதாவது None, பைத்தானில் 'ஒன்றும் இல்லை') என்ற சோதனை முதலில், வெள்ளாடா(ச) அதற்குப் பின்னால். வெட்புளூவா உள்ளே எண்ணிக்கை கூட்டும் வேலையையும் ஒளித்து வைக்காதீர்கள். அது ஓடாத வரிகளில் கணக்கு உதைக்கும்.