எட்டுப் பூட்டில் ஆறு மீட்டர்

வேடசந்தூர் பக்கம் சைக்கிள் கடை வைத்திருக்கிறேன். இரண்டாம் நிலைக் காவலர் தேர்வுக்கு மூன்று முறை போனவன். கடைசி முறை கயிறு ஏறும் போட்டியில் நான்கு மீட்டரைத் தாண்டிய இடத்தில் பிடி நழுவி, உள்ளங்கைத் தோல் உரிய வழுக்கி இறங்கினேன். அடுத்த அறிவிப்பு வருவதற்குள் வயது போய்விட்டது. என் தம்பி அதே கயிற்றில் இரண்டு ஸ்டார், அதாவது முழு மதிப்பெண், வாங்கி இன்று காக்கி உடுத்தியிருக்கிறான். அவனைப் பழக்கிய புளியமரத்தில் இப்போது மில் வேலைக்குப் போகும் நான்கு பையன்கள் ஏறுகிறார்கள். அவர்களுக்குத் தினமும் சொல்வதைத்தான் எழுதுகிறேன். ஆண்களுக்கான போட்டிகளைப் பற்றி மட்டும். பெண்களுக்குக் கயிறு கிடையாது, அந்தப் பயிற்சி எனக்குப் பழக்கமும் இல்லை.

முதலில் அளவெடுங்கள். உயரம் 170 செ.மீ., பட்டியல் சாதி, பழங்குடியினருக்கு 167. காலையில் வெறுங்காலோடு சுவரில் சாய்ந்து நின்று அளக்க வேண்டும். மாலையில் எல்லோரும் கொஞ்சம் குறைந்துவிடுவோம். கம்பியில் தொங்கினால் வளரலாம் என்று சொல்லிப் பணம் கேட்பவனிடம் போகாதீர்கள். மார்பு 81 செ.மீ. இருந்து, மூச்சை இழுத்தால் 5 செ.மீ. விரிய வேண்டும். இதைப் பழக்கத்தில் கொண்டுவரலாம். பல பேர் மூச்சை வயிற்றுக்குள் இழுத்துவிட்டு நாடா ஏன் நகரவில்லை என்று விழிப்பார்கள். விலா எலும்பு இரண்டு பக்கமும் விரிகிறதா என்று கைவைத்துப் பாருங்கள்.

அடுத்தது 1500 மீட்டர். ஏழு நிமிடத்துக்குள் முடிக்க வேண்டும், அவ்வளவுதான். ஐந்து நிமிடத்தில் வந்தாலும் ஆறு நிமிடம் ஐம்பது வினாடியில் வந்தாலும் ஒன்றுதான், இதற்கு மதிப்பெண் இல்லை. இது தெரியாமல் நான் இரண்டு வருடம் தார்ச்சாலையில் தினமும் பத்துக் கிலோமீட்டர் ஓடி முழங்காலுக்குக் கீழே எலும்பு வலியைச் சம்பாதித்தேன். மண் தரையில் ஓடுங்கள். 400 மீட்டர் மைதானம் என்றால் மூன்றே முக்கால் சுற்று. சுற்றுக்கு 100 வினாடி என்று பழகினால் ஆறேகால் நிமிடத்தில் முடியும். ஒரு இடத்தில் இடறினாலும் தாங்கும். விசில் ஊதியதும் குதிரை மாதிரிப் பாய்கிறவன்தான் மூன்றாவது சுற்றில் இடுப்பைப் பிடித்துக்கொண்டு நடப்பான். வாரத்தில் நான்கு நாள் ஓட்டம் போதும்.

மதிப்பெண் இருப்பது மற்ற மூன்று போட்டிகளில்: கயிறு, தாண்டுதல், வேக ஓட்டம். அதில் கயிற்றைத்தான் எல்லோரும் கடைசிக்குத் தள்ளுகிறார்கள். எழுத்துத் தேர்வு முடிவு வந்த பிறகு கயிறு தேடி அலைவார்கள். ஓட்டத்தை ஆறு வாரத்தில் தேற்றிவிடலாம். கயிற்றுக்கு மூன்று மாதம் வேண்டும். கை தோல் கட்டிப்போகவே ஒரு மாதம் ஆகும்.

ஐந்து மீட்டர் ஏறினால் ஒரு ஸ்டார், ஆறு மீட்டருக்கு இரண்டு. எங்கள் மரத்தில் தரையிலிருந்து அளந்து இரண்டு இடத்திலும் சிவப்புத் துணி கட்டியிருக்கிறோம். கிளை உங்கள் எடையைப்போல் இரண்டு மடங்கு தாங்க வேண்டும், அடியில் வைக்கோல் கிடக்க வேண்டும், பக்கத்தில் ஒரு ஆள் நிற்க வேண்டும். மூன்றில் ஒன்று குறைந்தாலும் அன்று ஏற விடமாட்டேன்.

நான் தோற்றது கையை நம்பியதால். கயிற்றில் உடம்பைத் தாங்க வேண்டியது கால். கயிறு வலது தொடையின் வெளிப்புறமாக இறங்கி, வலது பாதத்துக்கு அடியில் நுழைந்து, இடது புறங்காலின் மேல் ஏறி விழ வேண்டும். வலது பாதத்தால் அதை இடது புறங்காலோடு சேர்த்து அமுக்குங்கள். கயிறு பூட்டிக்கொள்ளும். இதை நாங்கள் பூட்டு என்கிறோம். முதல் வாரம் யாரும் ஏறக் கூடாது. ஸ்டூலில் உட்கார்ந்து, கீழே பார்க்காமல், காலாலேயே கயிற்றைத் தேடிப் பிடித்துப் பூட்ட வேண்டும். ஒரு நாளைக்கு ஐம்பது முறை. பையன்களுக்கு இது பிடிக்காது, தம்பிக்கும் பிடிக்கவில்லை.

பிறகு ஏறுவது. கை நீட்டிப் பிடி, முழங்காலை மார்புக்குத் தூக்கு, பூட்டு, நிமிர்ந்து நில். நிமிரும்போதுதான் கை மேலே போக வேண்டும். 170 செ.மீ. உயரமுள்ளவன் நின்றபடியே இரண்டேகால் மீட்டர் தொட்டுவிடுவான். மீதி மூன்றேமுக்கால். பூட்டுக்கு அரை மீட்டர் என்றால் எட்டுப் பூட்டு. எண்ணிக்கொண்டே ஏறுங்கள், உயரம் பார்த்துப் பயப்பட நேரம் இருக்காது. இறங்கும்போது கைக்குக் கீழே கை வைத்து இறங்குங்கள். வழுக்கி வந்தால் தோல் போய்விடும், பத்து நாள் பயிற்சியும் போய்விடும்.

தாண்டுதலில் நீளம் அல்லது உயரம், எது வருகிறதோ அதைத் தேர்ந்துகொள்ளலாம். நீளத்தில் 3.80 மீட்டருக்கு ஒரு ஸ்டார், 4.50க்கு இரண்டு. உயரத்தில் 1.20 மீட்டருக்கு ஒன்று, 1.40க்கு இரண்டு. நீளம் தாண்டுகிறவன் ஓடிவரும் அடிகளைப் பலகையிலிருந்து பின்னோக்கி எண்ணி அடையாளம் வைத்துக்கொள்ள வேண்டும். விழுந்த பின் கையைப் பின்னால் ஊன்றாதீர்கள், அங்கிருந்துதான் அளப்பார்கள்.

ஓட்டத்திலும் தேர்வு உண்டு. 100 மீட்டரை 13.50 வினாடியிலோ 400 மீட்டரை 70 வினாடியிலோ ஓடினால் இரண்டு ஸ்டார். இரண்டையும் ஓடிப் பாருங்கள். கிராமத்துப் பையன்களில் பாதிப் பேருக்கு 400தான் சரிப்படும், ஆனால் எல்லோரும் 100 மீட்டருக்கே ஆசைப்படுகிறார்கள்.

சாப்பாட்டுக்குப் பெரிய ரகசியம் இல்லை. முட்டை, ஊறவைத்த நிலக்கடலை, கம்பங்கூழ், இரவு நேரத்தோடு தூக்கம். இரவு ஷிப்டு முடித்து வருகிறவனை அன்று காலை ஓட விடுவதில்லை.

போட்டிக்கு முந்தின நாள் தலைக்கு எண்ணெய் வைக்காதீர்கள். கயிற்றுக்குப் போகும் முன் எல்லோரும் தன்னையறியாமல் தலையைக் கோதிக்கொள்வோம். தம்பிக்கு என் அம்மா எண்ணெய்க் கிண்ணத்தோடு வந்தபோது நான்தான் பிடுங்கி வைத்தேன்.