கம்ப்யூட்டர் ஆன் ஆகவில்லையா? சுவரிலிருந்து தொடங்குங்கள்

பட்டனை அமுக்குகிறீர்கள். சத்தமில்லை, விளக்கில்லை, விசிறி அசையவில்லை. உடனே கேபினட்டைத் தூக்கிக்கொண்டு கடைக்கு ஓட வேண்டாம். ஒரு மணி நேரமும் ஒரு ஸ்டார் ஸ்க்ரூடிரைவரும் இருந்தால் கோளாறு எங்கே என்று பெரும்பாலும் நீங்களே கண்டுபிடித்துவிடலாம். கரண்ட் வருகிற பாதையிலேயே நாமும் போக வேண்டும், அவ்வளவுதான். சுவர், ஒயர், எஸ்எம்பிஎஸ் (சுவர் கரண்டைக் கம்ப்யூட்டருக்கு ஏற்றபடி மாற்றிக் கொடுக்கும் பெட்டி), பட்டன், கடைசியில் மதர்போர்டு (மற்ற பாகங்கள் எல்லாம் மாட்டியிருக்கும் பெரிய பலகை). நடுவில் ஒன்றைத் தாண்டிவிட்டால் நல்ல பொருளை மாற்றிவிட்டுக் கெட்டதை வைத்துக்கொண்டிருப்போம்.

முதலில் நோய் எது என்று பிரித்துக்கொள்ளுங்கள். விசிறி சுற்றுகிறது, விளக்கும் எரிகிறது, திரை மட்டும் கறுப்பாக இருக்கிறது என்றால் அது வேறு பிரச்சினை. ரேமை, அதாவது மதர்போர்டில் சொருகியிருக்கும் நினைவகப் பட்டையை, கழற்றி ரப்பரால் தேய்த்து மாட்டுகிற வைத்தியம் அதற்குரியது. ரேம் இல்லாவிட்டாலும் பொதுவாக விசிறி சுற்றும். எதுவுமே அசையாத கம்ப்யூட்டரில் ரேமைத் தேய்த்துப் பயனில்லை.

‘டப்’ என்ற சத்தத்தோடோ கருகிய வாடையோடோ நின்றுபோனதா? பிளக்கைப் பிடுங்கிவிடுங்கள். மறுபடி போட்டுப் பார்க்கவே கூடாது. அதற்குக் கடைதான்.

சுவரும் ஒயரும்

கம்ப்யூட்டர் மாட்டியிருந்த அதே பிளக்கில் ஒரு டேபிள் லேம்பை மாட்டிப் பாருங்கள். டெஸ்டரை மட்டும் நம்ப வேண்டாம். நியூட்ரல் ஒயர் விட்டுப்போயிருந்தாலும் டெஸ்டர் எரியும், ஆனால் பொருள் ஓடாது.

வீட்டில் யுபிஎஸ் இருந்தால் அதை ஒதுக்கிவிட்டு நேரடியாகச் சுவரில் மாட்டுங்கள். உள்ளே இருக்கிற பேட்டரி சில வருடங்களில் செத்துவிடும். அப்படியான சில யுபிஎஸ்கள் சுவரில் கரண்ட் இருந்தாலும் வெளியே கொடுப்பதில்லை. ஸ்பைக் பஸ்டர், எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் எதுவும் இப்போதைக்கு வேண்டாம்.

அடுத்தது பவர் கார்டு. இதைச் சோதிக்க மீட்டர் வேண்டாம். உங்கள் மானிட்டர் அடாப்டர் இல்லாத வகை என்றால் அதன் ஒயரும் கம்ப்யூட்டரின் ஒயரும் பெரும்பாலும் ஒன்றேதான். மானிட்டர் விளக்கு எரிகிறதா? அந்த ஒயரைக் கழற்றிக் கேபினட்டில் மாட்டுங்கள். கேபினட்டுக்குப் பின்னால் எஸ்எம்பிஎஸ்ஸில் ஒரு சின்ன ஸ்விட்ச் இருக்கும், கோடு போட்ட பக்கம் ஆன், வட்டம் போட்ட பக்கம் ஆஃப். கூட்டித் துடைக்கும்போது கைபட்டு ஆஃப் ஆகியிருக்கும், யாருக்கும் தெரியாது. பழைய எஸ்எம்பிஎஸ்களில் 115, 230 என்று எழுதிய சிவப்பு ஸ்விட்சும் உண்டு. நமக்கு அது 230இல்தான் இருக்க வேண்டும். 115இல் வைத்துப் போட்டால் எஸ்எம்பிஎஸ் போய்விடும்.

இன்னும் ஒன்று. இடி மின்னலுக்குப் பிறகோ, கரண்ட் போய்ப் போய் வந்த பிறகோ இந்தக் கோளாறு வந்திருந்தால், எஸ்எம்பிஎஸ் தன்னைக் காத்துக்கொள்ள அணைந்து அப்படியே நின்றிருக்கலாம். ஒயரைப் பிடுங்கிவிட்டு, பவர் பட்டனை அரை நிமிடம் அமுக்கிப் பிடியுங்கள். பத்து நிமிடம் கழித்து மறுபடி மாட்டுங்கள்.

பட்டன்

இங்கேதான் பலர் ஏமாந்துபோகிறார்கள், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். கேபினட்டின் முன்னால் இருக்கிற பட்டன் ஃபேன் ஸ்விட்ச் மாதிரி கரண்டை விட்டு நிறுத்துவதில்லை. ஒயர் மாட்டியிருக்கும் வரை எஸ்எம்பிஎஸ் ஒரு சின்ன 5 வோல்ட்டை மதர்போர்டுக்கு எப்போதும் கொடுத்துக்கொண்டேதான் இருக்கும். பட்டனை அமுக்கினால் இரண்டு பின்கள் ஒரு கணம் ஒட்டிப் பிரிகின்றன. அதைப் பார்த்து மதர்போர்டு எஸ்எம்பிஎஸ்ஸிடம் ‘முழுக் கரண்டையும் விடு’ என்று கேட்கிறது. ஆக, பட்டன் கெட்டால் மற்ற எல்லாம் நன்றாக இருந்தும் கம்ப்யூட்டர் பிணம் மாதிரிக் கிடக்கும்.

என் அக்கா வீட்டுக் கம்ப்யூட்டருக்கு இதுதான் நடந்தது. ஒரு கடையில் மதர்போர்டு போய்விட்டது, புதிது போட வேண்டும் என்று சொல்லியிருந்தார்கள். அக்கா மாதச் சம்பளத்தில் எதைக் குறைப்பது என்று கணக்குப் போட்டுக்கொண்டிருந்தார். போய்ப் பார்த்தால் பட்டன் உள்ளே சிக்கி, அமுங்கிய நிலையிலேயே நின்றிருந்தது. பட்டனை நான்கு விநாடி அமுக்கிப் பிடித்தால் கம்ப்யூட்டர் அணைந்துவிடும் அல்லவா? அதே கதைதான். வருவதும் நான்கு விநாடியில் போவதுமாக இருந்து, கடைசியில் வருவதே நின்றுவிட்டது.

சோதிப்பது எளிது. ஒயரைப் பிடுங்கிவிட்டுக் கேபினட்டின் பக்கவாட்டு மூடியைக் கழற்றுங்கள். கேபினட்டின் இரும்பை ஒருமுறை தொட்டு உடம்பிலுள்ள நிலைமின்சாரத்தை இறக்கிவிடுங்கள். முன்பக்கத்திலிருந்து வரும் மெல்லிய ஒயர்கள் பெரும்பாலும் மதர்போர்டின் கீழ்மூலையில் மாட்டியிருக்கும். அதில் ‘பவர் எஸ்டபிள்யூ’ என்று ஆங்கிலத்தில் எழுதியதைக் கழற்றுங்கள். பிறகு கரண்ட் ஒயரை மாட்டி, வெளியே தெரியும் அந்த இரண்டு பின்களையும் ஸ்க்ரூடிரைவர் முனையால் ஒரு விநாடி சேர்த்துத் தொடுங்கள். அங்கே இருப்பது சின்ன வோல்டேஜ்தான், ஷாக் அடிக்காது. பக்கத்துப் பின்களில் மட்டும் படக்கூடாது. கம்ப்யூட்டர் ஓடினால் கோளாறு பட்டனில்தான். ‘ரீசெட் எஸ்டபிள்யூ’ ஒயரைக் கழற்றி அதே பின்களில் மாட்டிவிடுங்கள். இனி ரீசெட் பட்டன்தான் உங்கள் பவர் பட்டன், காசு செலவில்லை.

எஸ்எம்பிஎஸ்

ஸ்க்ரூடிரைவரால் தொட்டும் அசையவில்லையா? மதர்போர்டில் எங்காவது சின்ன விளக்கு எரிகிறதா என்று பாருங்கள். எரிந்தால் அந்த 5 வோல்ட் வருகிறது. விளக்கே இல்லாத போர்டும் உண்டு, அதனால் இருட்டாக இருப்பதை மட்டும் வைத்து முடிவு கட்ட வேண்டாம். மல்டிமீட்டர் இருந்தால் டிசி 20 வோல்ட்டில் வைத்து, எஸ்எம்பிஎஸ்ஸிலிருந்து மதர்போர்டுக்குப் போகும் பெரிய 24 பின் கனெக்டரின் பின்பக்கமாக ஊதா ஒயரிலும் ஏதாவது ஒரு கறுப்பு ஒயரிலும் தொடுங்கள். 4.75 முதல் 5.25 வரை காட்ட வேண்டும். ஒன்றுமே காட்டவில்லை என்றால் எஸ்எம்பிஎஸ் போய்விட்டது.

மீட்டர் இல்லாதவர்களுக்குப் பேப்பர் கிளிப் போதும். ஒயரைப் பிடுங்குங்கள். 24 பின், பிராசசர் பக்கத்து 4 அல்லது 8 பின், மற்ற எல்லாவற்றையும் கழற்றுங்கள். எஸ்எம்பிஎஸ் எதிலும் மாட்டியிருக்கக் கூடாது. கிளிப்பை வளைத்து, 24 பின் கனெக்டரில் பச்சை ஒயரின் துளையிலும் பக்கத்துக் கறுப்பு ஒயரின் துளையிலும் சொருகுங்கள். கையை எடுத்த பிறகே கரண்டைப் போடுங்கள். எஸ்எம்பிஎஸ் விசிறி சுற்றினால் உயிர் இருக்கிறது. ஆனால் முழு பாரத்தையும் தாங்கும் என்பதற்கு அது உத்தரவாதம் இல்லை. ஒயர்கள் எல்லாமே கறுப்பாக இருந்தாலோ, சில பிராண்டட் மாடல்களைப் போல 24 பின்னே இல்லாமல் வேறு கனெக்டர் இருந்தாலோ இந்தச் சோதனையை விட்டுவிடுங்கள்.

எஸ்எம்பிஎஸ் பெட்டியை மட்டும் ஒருபோதும் திறக்காதீர்கள். 230 வோல்ட் ஏசி உள்ளே போய் ஏறக்குறைய 325 வோல்ட் டிசியாகக் கெப்பாசிட்டரில் தேங்கி நிற்கும். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அது இருக்கலாம். புதிது வாங்குவதாக இருந்தால், தனி கிராபிக்ஸ் கார்டு இல்லாத வீட்டுக் கம்ப்யூட்டருக்கு 400, 450 வாட் தாராளம். வாட் எண்ணைவிட, கரண்டை அதிகம் வீணாக்காது என்பதற்கான 80 பிளஸ் முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள்.

மதர்போர்டு பக்கம்

எஸ்எம்பிஎஸ் நன்றாக இருந்தால் எங்கோ ஷார்ட் இருக்கலாம். விசிறி ஒரு சுற்று சுற்றி நின்றுபோகிறது என்றால் அநேகமாக இதுதான். ஒயரைப் பிடுங்கிவிட்டு, கிளிப்பை எடுத்துவிட்டு, 24 பின்னையும் பிராசசர் பக்கத்துப் பின்னையும் மறுபடி மாட்டுங்கள். ஹார்ட் டிஸ்க், டிவிடி டிரைவ், கிராபிக்ஸ் கார்டு, யுஎஸ்பியில் மாட்டிய எல்லாவற்றையும் கழற்றி, போர்டும் பிராசசரும் ஒரு ரேமும் மட்டும் வைத்துப் போட்டுப் பாருங்கள். ஓடினால், ஒவ்வொரு தடவையும் ஒயரைப் பிடுங்கி, ஒவ்வொன்றாகத் திரும்ப மாட்டுங்கள். எதை மாட்டியதும் நிற்கிறதோ அதுதான் குற்றவாளி. முன்பக்க யுஎஸ்பி துளைக்குள் டார்ச் அடித்துப் பாருங்கள், பின் வளைந்து இரும்பில் ஒட்டிக்கொண்டிருக்கலாம். பல்லி, எறும்பு, கழன்று விழுந்த ஸ்க்ரூ எல்லாம் போர்டுக்கு அடியில் கிடந்து ஷார்ட் ஆக்கும். உருளை வடிவக் கெப்பாசிட்டர்களின் தலை தட்டையாக இருக்க வேண்டும், உப்பியிருந்தால் போர்டு பழுது.

கடைசியாக அந்தக் காசு மாதிரியான சிஆர்2032 பேட்டரியை மாற்றிப் பாருங்கள். அபூர்வம்தான், ஆனால் அது தீர்ந்தால் ஆன் ஆகாத போர்டுகள் உண்டு.

இதற்கு மேல் கடைதான். எதையெல்லாம் சோதித்தீர்கள் என்று ஒரு தாளில் எழுதிக் கொண்டுபோங்கள், ஹார்ட் டிஸ்கைக் கழற்றி வீட்டிலேயே வைத்துவிடுங்கள். ஆன் ஆகிறதா என்று பார்க்க அவர்களுக்கு அது தேவையில்லை, உங்கள் படங்களும் கணக்குகளும் பத்திரமாக உங்களிடமே இருக்கும்.