பிசிஏ முதல் ஆண்டு: 127 + 1 என்ற ஒரே கணக்கை வைத்து எல்லாப் பாடங்களையும் படிப்பது எப்படி?

பிசிஏ சேர்ந்தவுடன் கைக்கு வரும் பாடத்திட்டத்தைப் பார்த்தால், ஆளுக்கொரு திசையில் நிற்கும் பாடங்களாகத்தான் தெரியும். சி நிரலாக்கம், டிஜிட்டல் லாஜிக், கணினி அமைப்பு, டிஸ்கிரீட் கணிதம், மொழிப்பாடங்கள், சில பல்கலைக்கழகங்களில் கணக்குப் பதிவியல். பெயர்களும் செமஸ்டர் வரிசையும் பல்கலைக்கழகத்துக்குப் பல்கலைக்கழகம் மாறும், உள்ளடக்கம் பெரும்பாலும் இதுதான்.

இவற்றில் முதல் நான்கும் ஒரே விஷயத்தைத்தான் பேசுகின்றன: ஒரு எண்ணை இயந்திரம் எப்படி வைத்துக்கொள்கிறது, அதை எப்படிக் கூட்டுகிறது, அதற்கு நாம் எப்படிக் கட்டளை இடுகிறோம். தனித்தனியாக மனப்பாடம் செய்தால் நான்கு மடங்கு வேலை. ஒன்றாகக் கோத்துப் படித்தால் ஒரு பாடத்தில் புரிந்தது அடுத்த பாடத்தில் பாதி வேலையை முடித்துவிடும். கோக்கும் நூலாக ஒரு சின்னக் கணக்கை எடுத்துக்கொள்வோம்: 127 + 1.

படி 1: பாடத்திட்டத்தைக் கலைத்து அடுக்குங்கள்

யூனிட் வரிசையில் படிக்க வேண்டாம். எல்லாப் பாடங்களின் யூனிட்களையும் ஒரே தாளில் எழுதி, இப்படி மாற்றி அடுக்குங்கள். முதலில் டிஜிட்டல் லாஜிக்கில் உள்ள எண் முறைகள். அப்புறம் டிஸ்கிரீட் கணிதத்தின் தர்க்கப் பகுதியையும் லாஜிக் கேட்களையும் (0, 1 என்ற உள்ளீடுகளை வாங்கி விடை தரும் சிறு மின்சுற்றுகள்) சேர்த்து. அதன் பிறகு சி மொழியில் மாறிகள், நிபந்தனைகள், லூப். கடைசியாக கணினி அமைப்பில் நினைவகம் பற்றிய யூனிட்டையும் சி-யில் அரே, பாயின்ட்டர் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து.

வகுப்பில் ஆசிரியர் வேறு வரிசையில் நடத்துவார். பரவாயில்லை, குறிப்புகளை மட்டும் இந்த வரிசையில் வைத்துக்கொள்ளுங்கள்.

படி 2: கம்பைலரைத் தயார் செய்யுங்கள்

நாம் எழுதும் நிரலை இயந்திரம் ஓட்டக்கூடிய வடிவுக்கு மாற்றும் மென்பொருள்தான் கம்பைலர். என் பரிந்துரை ஜிசிசி (GCC). லினக்ஸ் இருந்தால் ஒரே கட்டளையில் வந்துவிடும். விண்டோஸில் தொடங்குபவர்களுக்கு கோட்பிளாக்ஸ் எளிது, ஆனால் பதிவிறக்கும்போது பெயரில் 'மிங்டபிள்யூ' (mingw) என்று இருக்கும் கோப்பையே எடுங்கள். அது இல்லாத கோப்பில் கம்பைலர் இருக்காது, வெறும் எடிட்டர் மட்டும் வரும்.

பின்னர் சேர்த்தது: விஎஸ் கோட் நிறுவிய பிறகும் நிரல் ஓடவில்லை என்று பலர் கேட்டிருந்தார்கள். காரணம் இதேதான். விஎஸ் கோட் ஒரு எடிட்டர். கம்பைலரைத் தனியாக நிறுவி, அது இருக்கும் ஃபோல்டரை விண்டோஸின் 'பாத்' அமைப்பில் சேர்த்து, விஎஸ் கோட்டை ஒருமுறை மூடித் திறக்க வேண்டும். இந்த மூன்றில் ஒன்று விட்டுப்போனாலும் 'ஜிசிசி கிடைக்கவில்லை' என்றே செய்தி வரும்.

பல கல்லூரி லேப்களில் இன்னும் டர்போ சி இருக்கிறது. அது போர்லாண்ட் நிறுவனம் 1987-ல் வெளியிட்டது. லேபில் அதில் எழுதித்தான் ஆக வேண்டும் என்றால் எழுதுங்கள், வீட்டில் அதை நிறுவாதீர்கள். திரையைத் துடைக்கும் கிளியர்-ஸ்கிரீன், கடைசி வரியில் ஒரு விசை அழுத்தும்வரை காத்திருக்கும் கெட்ச் (getch) போன்றவை சி மொழியின் தரத்தில் இல்லாதவை. அவற்றுக்குப் பழகிவிட்டால் வேறு எந்தக் கம்பைலருக்குப் போனாலும் பிழைச் செய்திகள்தான் வரவேற்கும்.

ஜிசிசி-யில் முக்கியமான எச்சரிக்கைகளைக் காட்டச் சொல்லும் 'வால்' (-Wall) என்ற தேர்வை முதல் நாளிலிருந்தே போட்டு வையுங்கள். ஒப்பிடுவதற்கு இரட்டைச் சமக்குறி போட வேண்டிய இடத்தில் ஒற்றைச் சமக்குறி போட்டால் அது பெரும்பாலும் கண்டுபிடித்துச் சொல்லிவிடும்.

படி 3: எதிர்ம எண்கள், இங்கே அவசரப்பட வேண்டாம்

பத்தடிமான எண்ணை இரும எண்ணாக மாற்றுவது, எண்மம், பதினறுமம் இதெல்லாம் பயிற்சியில் வந்துவிடும். நான் அதிக நேரம் கொடுத்த இடம் 2-ன் நிரப்பு முறை, அதாவது எதிர்ம எண்களை 0, 1 என்ற பிட்களால் மட்டுமே எழுதும் வழி. 'எல்லா பிட்டையும் திருப்பிப் போடு, 1 கூட்டு' என்று விதியை எழுதிக் கொடுத்துவிடுவார்கள். ஏன் என்று யாரும் நிறுத்திச் சொல்வதில்லை. அந்த ஏன் தெரிந்துவிட்டால் மீதி எல்லாம் தானாக வரும்.

8 பிட் உள்ள ஒரு இடத்தை எடுத்துக்கொள்வோம். அதில் 11111111 இருக்கிறது. அதனுடன் 1 கூட்டினால் 1 00000000 வரும். ஒன்பதாவது பிட்டுக்கு இடமில்லை, அது விழுந்துவிடும். மிஞ்சுவது 00000000. ஒன்றைக் கூட்டினால் பூச்சியம் வருகிற எண் எது? -1. ஆகவே 11111111 என்பதை -1 என்று வைத்துக்கொள்கிறார்கள்.

இப்போது 5-ஐப் பாருங்கள்: 00000101. பிட்களைத் திருப்பினால் 11111010. இந்த இரண்டையும் கூட்டுங்கள். எந்த எண்ணை எடுத்தாலும் அதையும் அதன் திருப்பத்தையும் கூட்டினால் எல்லா இடத்திலும் 1 தான் வரும், அதாவது 11111111, அதாவது -1. நமக்கு வேண்டியது பூச்சியம். இன்னும் ஒன்று குறைகிறது, அந்த ஒன்றைத்தான் கடைசியில் கூட்டுகிறோம். 11111010 + 1 = 11111011. இதுவே -5.

1-ன் நிரப்பு முறையில் அந்தக் கடைசிக் கூட்டல் கிடையாது. அதனால் அங்கே 00000000, 11111111 என்று இரண்டு பூச்சியங்கள் வந்துவிடும். தேர்வில் 'ஏன் 2-ன் நிரப்பு முறை சிறந்தது' என்று கேட்டால் இதை எழுதுங்கள், கழித்தலுக்குத் தனிச் சுற்று வேண்டாம் என்பதையும் சேர்த்து எழுதுங்கள். கூட்டும் சுற்றே எப்படிக் கழிக்கிறது என்பது அடுத்த படியில் வருகிறது.

சரி, நம் கணக்கு. 127 என்பது 01111111. ஒன்றைக் கூட்டினால் 10000000. இடது ஓரத்தில் 1 வந்துவிட்டதால் இது எதிர்ம எண், மதிப்பு -128. மொத்தம் 256 வடிவங்கள். பாதி, அதாவது 128, எதிர்ம எண்களுக்கு. மறுபாதியில் ஒன்றைப் பூச்சியம் எடுத்துக்கொள்கிறது, ஆகவே நேர்ம எண்களுக்கு 127 மட்டுமே. எல்லை ஏன் -128 முதல் 127 வரை என்பதற்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை.

பின்னர் சேர்த்தது: '-5-க்கு எனக்கு 1011 வருகிறது, விடையில் 11111011 இருக்கிறது' என்று ஒருவர் கேட்டார். இரண்டும் சரிதான். முதலாவது 4 பிட்டில், இரண்டாவது 8 பிட்டில். எத்தனை பிட் என்று முதலில் முடிவு செய்யாமல் நிரப்பு காணவே கூடாது. சின்ன அளவிலிருந்து பெரிய அளவுக்குப் போகும்போது இடது ஓர பிட் எதுவோ அதையே முன்னால் நிரப்பிக்கொண்டு போக வேண்டும். 1011-க்கு முன்னால் நான்கு 1 போட்டால் 11111011 வந்துவிடும்.

படி 4: தர்க்கத்தையும் கேட்களையும் ஒரே நோட்டில் எழுதுங்கள்

ஜார்ஜ் பூல் தர்க்கத்தை இயற்கணிதமாக எழுதிய நூல் வெளிவந்தது 1854-ல். அதை மின்சுற்றுகளுக்குப் பொருத்தலாம் என்று கிளாட் ஷானன் தன் முதுகலை ஆய்வேட்டில் காட்டியது 1937-ல். டிஸ்கிரீட் கணிதம் முதலாவதை நடத்துகிறது, டிஜிட்டல் லாஜிக் இரண்டாவதை நடத்துகிறது. குறியீடுதான் வேறு. கணிதத்தில் ∧, ∨, ¬. சுற்றில் பெருக்கல் புள்ளி, கூட்டல் குறி, மேல்கோடு. சி மொழியில் &&, ||, !. ஒரு பக்கத்தில் மூன்று நெடுவரிசை கோடு போட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள். டி மார்கன் விதியை (¬(ப ∧ க) என்பதும் ¬ப ∨ ¬க என்பதும் ஒன்றே) ஒரு முறை நிறுவினால் மூன்று பாடத்துக்கும் ஆகும்.

கணிதத்தில் பலர் தடுமாறும் இடம் 'எனில்' என்ற இணைப்பு. முதல் கூற்று உண்மை, இரண்டாவது பொய் என்ற ஒரே வரிசையில்தான் அது பொய். முதல் கூற்று பொய்யாக இருந்தால் மொத்தமும் உண்மை. இதை உள்ளுணர்வால் புரிந்துகொள்ள முயல வேண்டாம். முதல் கூற்றை ப, இரண்டாவதை க என்று வைத்து ¬ப ∨ க என்று மாற்றி எழுதுங்கள், மெய் அட்டவணை தானாக நிரம்பும்.

அடுத்து கூட்டும் சுற்று. இரண்டு பிட்களைக் கூட்டும் ஹாஃப் ஆடரில் கூட்டுத்தொகை ஒரு எக்ஸ்-ஆர் கேட், கேரி (அடுத்த இடத்துக்குப் போகும் 1) ஒரு ஆண்ட் கேட். இரண்டு ஹாஃப் ஆடர்களையும் ஒரு ஆர் கேட்டையும் சேர்த்தால், வந்த கேரியையும் சேர்த்துக் கூட்டும் ஃபுல் ஆடர். எட்டு ஃபுல் ஆடர்களை வரிசையாகக் கோத்தால் நம் 127 + 1 ஓடும். இதைத் தாளில் மட்டும் வரையாமல் லாஜிசிம் எவல்யூஷன் என்ற இலவச மென்பொருளில் கட்டிப் பாருங்கள். பிட்களைச் சொடுக்க, கேரி இடப்பக்கம் ஓடுவது கண்ணுக்குத் தெரியும். விலை கொடுத்து வாங்கும் எந்த சிமுலேட்டரும் முதல் ஆண்டுக்குத் தேவையில்லை.

இப்போது எனக்கு மிகவும் பிடித்த இடம். கழிக்க வேண்டிய எண்ணின் ஒவ்வொரு பிட்டையும் ஒரு எக்ஸ்-ஆர் கேட் வழியாக அனுப்பி, அந்தக் கேட்களின் மறு முனைகள் அனைத்துக்கும் 1 கொடுங்கள். பிட்கள் திரும்பிவிடும். அதே 1-ஐ முதல் ஆடரின் கேரி உள்ளீட்டுக்கும் கொடுங்கள். திருப்பி ஒன்று கூட்டியாயிற்று! மூன்றாம் படியில் பார்த்த விதி அப்படியே கம்பியாக நிற்கிறது. 4 பிட்டில் 5 - 3: 0101 + 1100 + 1 போட்டு, வெளியே விழும் கேரியை விட்டால் 0010.

தர்க்கக் கோவைகளைச் சுருக்க உதவும் கட்டங்களான கார்னாப் (Karnaugh) வரைபடம் பற்றி ஒன்றே ஒன்று. மாரிஸ் கார்னாப் 1953-ல் வெளியிட்ட முறை அது. நெடுவரிசைத் தலைப்பு 00, 01, 11, 10 என்ற வரிசையில் இருக்க வேண்டும், ஏனென்றால் பக்கத்துக் கட்டங்களுக்கு இடையே ஒரு பிட் மட்டுமே மாற வேண்டும். அதே காரணத்தால்தான் நான்கு மாறி வரைபடத்தின் நான்கு மூலைகளும் ஒன்றுக்கொன்று பக்கத்துக் கட்டங்கள்.

படி 5: சி மொழி

முதல் வேலை, 8 பிட் கொண்ட 'சைன்டு கேர்' (signed char) வகை மாறியில் 127 வைத்து, ஒன்றைக் கூட்டி, முழு எண்ணாக அச்சிடுங்கள். ஜிசிசி-யில் -128 வரும். தாளில் செய்தது, லாஜிசிமில் ஓடியது, திரையில் வந்தது மூன்றும் ஒன்று. 'சைன்டு' என்று கட்டாயம் எழுதுங்கள். வெறும் 'கேர்' சில இயந்திரங்களில் எதிர்ம எண்ணையே வைத்துக்கொள்ளாது.

5 / 2 என்று எழுதினால் 2 தான் வரும், ஏனென்றால் இரண்டும் முழு எண்கள். 5 / 2.0 என்று எழுதுங்கள், 2.5 கிடைக்கும். சராசரி காணும் நிரல் தப்பாகப் போவதற்குப் பெரும்பாலும் இதுவே காரணம்.

அப்புறம், விசைப்பலகையிலிருந்து உள்ளீடு வாங்கும் ஸ்கேன்எஃப் (scanf). முதலில் ஒரு முழு எண், அடுத்து ஒரு எழுத்து வாங்குகிற நிரல் எழுதினால், எழுத்தைக் கேட்காமலே நிரல் தாண்டிப் போய்விடும். எண்ணைத் தட்டியபின் எண்டர் அழுத்துகிறோம் அல்லவா, அந்தப் புதுவரிக் குறி உள்ளீட்டு வரிசையிலேயே தங்கியிருக்கிறது. எண்ணை வாங்கும்போது ஸ்கேன்எஃப் முன்னால் உள்ள வெற்றிடங்களைத் தாண்டிவிடும், எழுத்தை வாங்கும்போது தாண்டாது. தங்கியிருந்த புதுவரியையே உங்கள் எழுத்தாக எடுத்துக்கொள்ளும். தீர்வு, மேற்கோளுக்குள் விழுக்காட்டுக் குறிக்கு முன்னால் ஒரு இடைவெளி விடுவது. அவ்வளவுதான். உள்ளீட்டின் மீது எஃப்ஃபிளஷ் (fflush) போடச் சொல்லும் குறிப்புகளை நம்ப வேண்டாம். அந்தச் செயல்பாடு வெளியீட்டுக்கு உரியது, உள்ளீட்டில் என்ன நடக்கும் என்று சி தரம் எந்த உறுதியும் தருவதில்லை.

பாயின்ட்டர் வரும்போது கணினி அமைப்புப் புத்தகத்தில் நினைவக முகவரி யூனிட்டைத் திறந்து வைத்துக்கொள்ளுங்கள். நினைவகம் என்பது எண்ணிட்ட பெட்டிகளின் வரிசை, பெட்டிக்கு ஒரு பைட். பாயின்ட்டர் மாறியில் இருப்பது பெட்டியின் எண். தாளில் கட்டங்கள் வரைந்து 1000, 1001 என்று எண் போட்டு, ஒவ்வொரு வரிக்கும் எந்தக் கட்டத்தில் என்ன மாறுகிறது என்று எழுதுங்கள். 4 பைட் முழு எண் அரேயில் பாயின்ட்டருக்கு ஒன்றைக் கூட்டினால் 1000 என்பது 1004 ஆகும். கூட்டுவது ஒரு பைட்டை அன்று, ஒரு உறுப்பை. படம் வரையாமல் பாயின்ட்டர் படிப்பதை நான் யாருக்கும் பரிந்துரைக்க மாட்டேன். அடுத்து டேட்டா ஸ்ட்ரக்சரில் வரும் லிங்க்டு லிஸ்ட் முழுக்க இந்தப் படம்தான்.

படி 6: மீதிப் பாடங்கள்

கணக்குப் பதிவியல் இருந்தால் பேரேடு, இருப்பாய்வு இரண்டிலும் கணக்குகளைக் கையால் போட்டுப் பழகுங்கள், வேறு வழியில்லை. பற்றும் வரவும் சமமானால் கணக்கு சரி என்று எண்ணிவிடாதீர்கள். ஒரு பரிவர்த்தனையை முழுவதுமாக விட்டுவிட்டாலும் இருப்பாய்வு சமமாகத்தான் நிற்கும். டிஜிட்டல் லாஜிக்கில் பிழையைக் கண்டுபிடிக்கச் சேர்க்கும் பாரிட்டி பிட்டுக்கும் இதே குறை உண்டு: இரண்டு பிட் ஒன்றாக மாறினால் அதற்குத் தெரியாது.

மொழிப்பாடங்களை மாதக் கடைசிக்கு ஒதுக்கிவிடலாம்.

படி 7: பழைய வினாத்தாள்களைப் பார்க்கும் முன்

இதுவும் பின்னர் சேர்த்தது, பலர் ஒரே இடத்தில் மாட்டிக்கொண்டதால். பழைய வினாத்தாள்களிலும் சில பாடநூல்களிலும் முழு எண் 2 பைட், எல்லை -32768 முதல் 32767 வரை என்று இருக்கும். அது டர்போ சி-க்குச் சரி. இன்றைய கணினியில் ஜிசிசி-யில் 4 பைட், மேல் எல்லை 2147483647. 'வெளியீடு என்ன' என்ற வினாவில் அரே முகவரி 1000-லிருந்து 1002-க்குப் போனால் அது 2 பைட்டை வைத்துக் கேட்ட வினா. விடையின் முதல் வரியிலேயே 'முழு எண் 2 பைட் எனக் கொண்டால்' என்றோ '4 பைட் எனக் கொண்டால்' என்றோ எழுதிவிட்டுத் தொடங்குங்கள். லேபில் எந்தக் கம்பைலர் என்று தெரியாவிட்டால் முழு எண் எத்தனை பைட் என்று சொல்லும் 'சைஸ்ஆஃப்' (sizeof) போட்டு அச்சிட்டுப் பாருங்கள், ஒரே வரி.