பாஸ்பேட் பஃபர்: பி.எச் 7.4-ஐப் பிடிப்பது எப்படி

ஒரு லிட்டர் வாலை வடிநீரில் 1 மோலார் (லிட்டருக்கு ஒரு மோல்) ஹைட்ரோகுளோரிக் அமிலம் ஒரே ஒரு மில்லி விடுங்கள். பி.எச், அதாவது அமில-காரத் தன்மையின் அளவு, நடுநிலையான 7-இலிருந்து 3-க்கு விழுந்துவிடும். அதே ஒரு மில்லியை 0.1 மோலார் பாஸ்பேட் பஃபரில் விட்டால், 7.40 என்று இருந்தது 7.37 ஆகும். அவ்வளவுதான்.

பாடப்புத்தகம் இதைத் தாங்கல் கரைசல் என்கிறது. நல்ல பெயர், வருகிற அடியை அது உண்மையிலேயே தாங்கிக்கொள்கிறது. டைசோடியம் ஹைட்ரஜன் பாஸ்பேட், சோடியம் டைஹைட்ரஜன் பாஸ்பேட் என இரண்டு உப்புகள் இதில் இருக்கின்றன. அமிலம் வந்தால் முதல் உப்பு அந்த ஹைட்ரஜன் அயனியை வாங்கிக்கொண்டு இரண்டாவதாக மாறும். காரம் வந்தால் இரண்டாவது தன் ஹைட்ரஜனைக் கொடுத்து முதலாவதாக மாறும். இரண்டில் ஒன்று தீர்ந்துபோனால் அந்தப் பக்கத்துக் காவல் போய்விடும்.

முதலில் 0.2 மோலார் இருப்புக் கரைசல்கள் இரண்டு. குடுவை ‘அ’: சோடியம் டைஹைட்ரஜன் பாஸ்பேட் டைஹைட்ரேட் 31.20 கிராம், ஒரு லிட்டருக்கு. குடுவை ‘ஆ’: நீரற்ற டைசோடியம் ஹைட்ரஜன் பாஸ்பேட் 28.39 கிராம், ஒரு லிட்டருக்கு. டைசோடியம் உப்பை மொத்தமாகக் கொட்டினால் அடியில் கல்லாகக் கட்டிக்கொள்ளும். நீரைக் கலக்கிக்கொண்டே கொஞ்சம் கொஞ்சமாகத் தூவுங்கள்.

எடை போடும் முன் பாட்டிலின் லேபிளை முழுவதும் படியுங்கள். இதே டைசோடியம் உப்பு 12 நீர் மூலக்கூறுகளோடும் விற்பனைக்கு வருகிறது. அதன் மூலக்கூறு எடை 358.14; நீரற்றதற்கு 141.96. அதை எடுத்து 28.39 கிராம் போட்டால், தேவையானதில் 40 சதவீதம்தான் கரைசலில் இருக்கும். அந்தப் பாட்டில்தான் கையில் இருக்கிறது என்றால் 71.63 கிராம் எடுங்கள்.

இனி கலவை. ‘அ’ 95 மில்லி, ‘ஆ’ 405 மில்லி. இரண்டையும் பீக்கரில் சேர்த்து, 900 மில்லி வரும்வரை நீர் விடுங்கள். மீட்டரில் பி.எச் பார்த்து, தேவைப்பட்டால் திருத்தி, பிறகு திட்டக் குடுவையில் ஒரு லிட்டர் கோட்டுக்குக் கொண்டுவாருங்கள். கிடைப்பது 0.1 மோலார், பி.எச் 7.4.

கணக்குப் போட்டுப் பார்க்கிறவர்கள் இங்கே தடுமாறுவார்கள். புத்தகத்தில் பாஸ்பேட்டின் இரண்டாம் பி.கே.ஏ (இரண்டு உப்பும் சம அளவில் இருக்கும்போது வரும் பி.எச்) 7.2. பி.கே.ஏ-யையும் உப்புகளின் விகிதத்தையும் பி.எச்-உடன் இணைக்கும் ஹெண்டர்சன் சமன்பாட்டில் போட்டால் ‘ஆ’ 61 பங்கு, ‘அ’ 39 பங்கு என்று வரும். அப்படிக் கலந்தால் மீட்டர் காட்டுவது 7.0! சமன்பாட்டில் தவறில்லை. அந்த 7.2 மிக நீர்த்த கரைசலுக்கான எண். 0.1 மோலாரில் அயனிகள் நெருக்கமாக இருப்பதால், நடைமுறையில் அது 6.8-ஐ ஒட்டி நிற்கிறது. மேலே எடுத்த 405-க்கு 95, அதாவது 81க்கு 19 என்ற விகிதம் சோரென்சன் பெயரில் வழங்கும் அட்டவணையிலிருந்து வருவது. 1909-இல் கோபன்ஹேகனின் கார்ல்ஸ்பர்க் ஆய்வகத்தில் பி.எச் என்ற அளவையே அறிமுகப்படுத்தியவர் அவர். இதே காரணத்தால், செறிவான பஃபரைப் பத்து மடங்கு நீர்த்தால் பி.எச் சற்று ஏறும். நீர்த்த பிறகும் ஒருமுறை அளந்துவிடுங்கள்.

திருத்தும்போது ‘அ’ அல்லது ‘ஆ’ கரைசலையே சேர்ப்பது நல்லது. அமிலத்தைக் கூடுதலாக விட்டுவிட்டு, சோடியம் ஹைட்ராக்சைடால் மீட்டு, மறுபடி அமிலம் விட்டால், எண் சரியாகத்தான் வரும். ஆனால் வேண்டாத சோடியம் குளோரைடு உள்ளே சேர்ந்திருக்கும். அப்படியானதைக் கொட்டிவிட்டுப் புதிதாகக் கலப்பதே மேல். மீட்டரை முதலில் பி.எச் 7.00 அளவுத்திருத்தக் கரைசலிலும், அடுத்து 9.18 அல்லது 10.01 கரைசலிலும் சரிபார்த்திருக்க வேண்டும். பயன்படுத்திய அளவுத்திருத்தக் கரைசலைப் பாட்டிலுக்குள் திரும்ப ஊற்றாதீர்கள்.

‘ஆ’ குடுவையைக் குளிர்பெட்டியில் வைத்தால் அடியில் படிகம் இறங்கும். அதைக் கவனிக்காமல் மேலே தெளிந்ததை அளந்து ஊற்றினால் விகிதமே கெட்டுவிடும். வெதுவெதுப்பாக்கிக் கரைத்த பிறகே எடுங்கள். கலந்த பஃபரை உறையவும் விடக்கூடாது: டைசோடியம் உப்பு முதலில் படிகமாகப் பிரிய, மிஞ்சிய திரவத்தின் பி.எச் வெகுவாக இறங்கிவிடும். அதில் நொதி இருந்தால் அது செயலிழக்கலாம். மூடிவைத்த பாட்டிலில் நூல் போல ஏதாவது மிதந்தால் அது பூஞ்சை, கொட்டிவிடுங்கள்.

நொதி, புரத வேலைகளுக்கும், செல்களைக் கழுவுவதற்கும் இது ஏற்றது. வெப்பநிலை மாறினாலும் பி.எச் அதிகம் நகராது. இதே வேலைகளுக்குப் பயன்படும் இன்னொரு பஃபரான டிரிஸ்ஸோ ஒரு டிகிரி சூடேறினால் 0.03 அளவுக்கு இறங்கும். ஆனால் கால்சியம் இருக்கிற இடத்தில் பாஸ்பேட் வேண்டாம், வெண்மையாக வீழ்படிவாகிவிடும். அதனால்தான் நீரின் கடினத்தன்மையை கால்சியத்தைப் பிடித்துக்கொள்ளும் ஈ.டி.டி.ஏ கொண்டு தரம்பார்த்தலில் காணும்போது, பி.எச் 10-க்கு அம்மோனியா பஃபர்: அம்மோனியம் குளோரைடு 17.5 கிராம், அடர் அம்மோனியா 142 மில்லி, நீர் சேர்த்து மொத்தம் 250 மில்லி. புகைபோக்கிப் பெட்டிக்குள் கலந்து, இறுக மூடிவையுங்கள். மூடி தளர்ந்தால் அம்மோனியா பறந்து பி.எச் இறங்கும், நிறங்காட்டியான எரியோகுரோம் பிளாக் டி-யின் ஒயின் சிவப்பு தெளிவான நீலமாக மாறாமல் இழுத்துக்கொண்டே போகும்.