மாரியில் மாட்டுப்பட்டி சேறாகாமல் வைத்திருப்பது எப்படி?

புரட்டாதி முடியுமுன்னரே இந்த வேலைகளைத் தொடங்கிவிடுங்கள். ஐப்பசி மழை பிடித்த பிறகு மண்வெட்டியைத் தூக்கினால் சேற்றை இடம் மாற்றத்தான் முடியும். இலங்கையின் வடக்கே வன்னியில் ஆண்டு மழையின் பெரும்பங்கு ஒக்டோபர் முதல் ஜனவரி வரைக்குள் கொட்டிவிடுகிறது. அதே மாதங்களில் வயலெல்லாம் காலபோக (மாரிக்கால) நெல் நிற்பதால் மாட்டை அவிழ்த்துவிட இடமில்லை. பட்டிக்குள்ளேயே கூடுதல் நேரம் நிற்கும் மாடுகளின் குளம்பும் சாணியும் மழைநீரும் சேர்ந்து நிலத்தைக் குழைத்துவிடும்.

2022 டிசம்பரில், மண்டோஸ் புயல் நேரத்துக் குளிரில், வடக்கிலும் கிழக்கிலும் நூற்றுக்கணக்கான மாடுகள் செத்தன. நனைந்த உடம்போடு ஈரத்தில் நிற்கும் மாடு குளிரைத் தாங்காது. படுக்க உலர்ந்த இடம் கொடுப்பது நம் கடமை.

படி 1: தண்ணீரின் வழியைப் பாருங்கள்

மாரி பிடிக்குமுன் ஒரு நல்ல மழை பெய்யும்போது குடையோடு பட்டியைச் சுற்றி நடவுங்கள். மேட்டிலிருந்து ஓடிவரும் தண்ணீர், கொட்டில் கூரையால் வடியும் தண்ணீர், குடிதொட்டியால் வழியும் தண்ணீர் என மூன்றும் எங்கே போய்ச் சேருகின்றன என்று பார்த்துக் கம்பு நட்டு அடையாளம் வையுங்கள்.

படி 2: முதலில் வாய்க்கால், பிறகுதான் கிரவல்

என் முதல் மாரியில் இதைத் தலைகீழாகச் செய்தேன். ஒரு லோட் கிரவலைச் சேற்றின்மேல் கொட்டினேன். தைப்பொங்கலுக்குள் முழுவதும் புதைந்துபோயிற்று. தண்ணீர் வந்துகொண்டே இருந்தால் எத்தனை லோட் போட்டாலும் மண் விழுங்கிவிடும்.

பட்டியின் மேட்டுப் பக்கமாக ஓரடி ஆழத்தில் வாய்க்கால் வெட்டுங்கள். வெட்டிய மண்ணைப் பட்டிப் பக்கம் வரம்பாகப் போடுங்கள். 100 அடி நீளத்துக்கு ஓரடியாவது சரிவு இருக்கட்டும். தண்ணீர் பள்ளக்காணிக்குப் போகலாம். குடிநீர்க் கிணற்றுப் பக்கம் மட்டும் போகவிடாதீர்கள். கூரைக்குப் பீலி பூட்டி அந்தத் தண்ணீரையும் வெளியே விடுங்கள். மன்னார் மாவட்டத்து முருங்கன் பக்கத்துக் கரிய களிமண் தண்ணீரை இலகுவில் உறிஞ்சாது. அங்குள்ளவர்கள் வாய்க்காலை இன்னும் அகலமாக வெட்ட வேண்டும்.

படி 3: படலையடியையும் தொட்டியடியையும் இறுக்குங்கள்

மாடு அதிகம் மிதிக்கும் இடங்கள் இவைதான். முழுப்பட்டிக்கும் கிரவல் போடக் காசில்லாவிட்டால் இவற்றுக்கு மட்டுமாவது போடுங்கள். இளகிய மண்ணையும் சாணியையும் கெட்டித்தரை தெரியும்வரை வழித்தெடுங்கள். பழைய உரப்பைகளைப் பிரித்து, ஒன்றன்மேல் ஒன்று சற்று ஏறும்படி விரியுங்கள். கீழ்ச்சேறும் மேற்கல்லும் கலக்காமல் இந்தப் பைகள் தடுக்கும். அதன்மேல் உடைகல், அதன்மேல் ஆறு அங்குலக் கிரவல் போட்டு, தண்ணீர் தெளித்து இடித்து இறுக்குங்கள். கூரான கல் மேலே தெரியக்கூடாது, குளம்பைக் கிழிக்கும்.

சேற்றில் வைக்கோலையோ உமியையோ கொட்டாதீர்கள். இரண்டு நாள் உலர்ந்ததுபோல் தெரியும், பிறகு அழுகி அதுவும் சேறாகும்.

படி 4: படுக்க ஒரு மேடு

பட்டிக்குள் உயரமான பக்கத்தில் ஒன்றரை அடி மேடு கட்டி, நடுவை உயர்த்தி, இருபுறமும் சரிவு விடுங்கள். எல்லா மாடும் ஒன்றாகப் படுக்க இடம் வேண்டும். போதாவிட்டால் பலமான மாடு கன்றைத் தள்ளிவிடும். மேலே கிடுகோ தறப்பாளோ போட்டு, காற்று அடிக்கும் வடகீழ்ப் பக்கத்தையும் மறைத்துக் கட்டுங்கள். கூரைக்குக் கீழே உலர்ந்த வைக்கோல் விரிக்கலாம், ஈரமானதும் மாற்றிவிடுங்கள்.

படி 5: புல்தரையைக் காப்பாற்றுங்கள்

குளம்பு பதிந்த இடத்தில் தண்ணீர் தேங்கினால் அன்று புல்தரைக்கு மாட்டை விடாதீர்கள். ஈரமண்ணில் மிதிபட்ட புல் வேரோடு போய்விடும். அந்த நாட்களில் சேமித்த வைக்கோலோடு வாடவிட்ட கிளிசறியாக் குழையும் போடுங்கள்.

படி 6: தினமும் பார்க்க வேண்டியவை

காலையில் சாணி அள்ளுங்கள். குளம்பு இடுக்கைக் கழுவிப் புண்ணோ நாற்றமோ இருக்கிறதா பாருங்கள். மடியைக் கழுவித் துடைத்த பிறகே பால் கறவுங்கள். சேறு பட்ட மடிக்கு மடிநோய் இலகுவில் வரும். மாடு நொண்டினாலோ தீனைத் தொடாவிட்டாலோ கால்நடை வைத்தியரிடம் உடனே சொல்லுங்கள். நீங்களும் வெறுங்காலோடு இறங்காதீர்கள், சேற்றுத் தண்ணீரால் எலிக்காய்ச்சல் தொற்றும்.

வழித்தெடுத்த சாணிச்சேற்றை வாய்க்காலுக்கு அப்பால் குவித்துத் தறப்பாளால் மூடுங்கள். தை வெயிலில் காயவிட்டால் வாழைக்கும் கத்தரிக்கும் அருமையான எரு.